எதிரணிச் சட்டை

கேள்வி: பாஸ்டன் ரெட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் ஆகிய இரண்டும் பேஸ்பாலில் தீராப் பகை கொண்ட அணிகள் என்கிறார்கள். புகழ்பெற்ற வீரர் பேப் ரூத் தவிர வேறு யாராவது இரண்டுக்கும் ஆடியிருக்கிறார்களா?

பதில்: ஏராளமானோர் ஆடியிருக்கிறார்கள். ரூத்தின் கதையைச் சொல்பவர்கள் அவரோடு நிறுத்திவிடுவதால்தான் மற்றவர்கள் மறைந்துபோகிறார்கள். ரூத் ரெட் சாக்ஸில் இருந்தபோது 1915, 1916, 1918 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்த அணி, அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் பட்டத் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றது. 1919-இல் அவர் 29 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து எடுக்கும் ரன்) அடித்து, அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கையை எட்டினார். அந்த ஆண்டின் இறுதியிலேயே, நாடகத் தயாரிப்பாளரான அணி உரிமையாளர் ஹாரி ஃப்ரேஸி அவரை 1,00,000 டாலருக்கு யாங்கீஸுக்கு விற்றுவிட்டார். ஃபென்வே பார்க் மைதானத்தை அடமானமாக வைத்து யாங்கீஸ் உரிமையாளரிடமிருந்து 3,00,000 டாலர் கடன் பெறவும் அதே பேரத்தில் ஏற்பாடானது. பகை அணியின் மைதானமே தன் கையில் அடமானமாக இருக்கும்போது, அதன் வீரர்களை வாங்குவது எவருக்கும் எளிதுதான்.

ரூத்தைத் தொடர்ந்து வெய்ட் ஹாய்ட், எவரெட் ஸ்காட், ஜோ டூகன், ஹெர்ப் பென்னாக் என்று ஒவ்வொருவராக நியூயார்க் போய்ச் சேர்ந்தனர். யாங்கீஸ் தன் முதல் வேர்ல்ட் சீரிஸை வென்ற 1923-இல், பிட்சரான (பந்து வீசுபவரான) பென்னாக் அந்தத் தொடரில் மட்டும் இரண்டு ஆட்டங்களை வென்றுகொடுத்தார். ரெட் சாக்ஸோ 1922 முதல் 1932 வரையிலான 11 பருவங்களில் ஒன்பதில் கடைசி இடத்தில் இருந்தது. அந்த அணி அடுத்த பட்டத்தைக் காண 2004 வரை, அதாவது 86 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. ரூத்தை விற்றதால் வந்த ‘ரூத்தின் சாபம்’ என்று இதைச் சொல்வதை நான் ஏற்பதில்லை. ஓர் அணியின் முதுகெலும்பையே உருவி எதிரணிக்குக் கொடுத்த பின், தோல்விக்குச் சாபத்தின் துணை எதற்கு?

என்னை அதிகம் வியக்கவைப்பவர் ரெட் ரஃபிங். இளமையில் சுரங்க விபத்தொன்றில் இடது காலின் நான்கு விரல்களை இழந்த இந்த பிட்சர், ரெட் சாக்ஸுக்காக 39 ஆட்டங்களை வென்று 96-ஐத் தோற்றார். 1930-இல் செட்ரிக் டர்ஸ்ட் என்ற வீரருக்கும் 50,000 டாலருக்கும் ஈடாக யாங்கீஸுக்குப் போன பிறகு, அதே கை 231 வெற்றிகளையும் 124 தோல்விகளையும் கண்டது. பிட்சரின் கணக்கில் எழுதப்படும் தோல்வியில் அவர் பின்னால் நிற்கும் எட்டுப் பேருக்கும் பங்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கேள்வி: பிடிக்காத அணிக்குப் போக மாட்டேன் என்று அந்த வீரர்கள் மறுத்திருக்கலாமே?

பதில்: மறுத்திருந்தால் ஆட்டத்தையே விட்டிருக்க வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வீரர்மீதுள்ள உரிமையை அணி ஆண்டுதோறும் நீட்டித்துக்கொள்ள இடம் தரும் விதி ஒன்று அன்று இருந்தது. கர்ட் ஃப்ளட் என்ற வீரர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 1972-இல் தோற்றார். பின்னர் 1975 டிசம்பர் 23 அன்று, ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவரான பீட்டர் சைட்ஸ், ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி ஆகிய இரு பிட்சர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகே, வீரர் தாமே அணியைத் தேர்ந்தெடுக்கும் காலம் பிறந்தது. ‘துரோகி’ என்ற வசை வீரர்மீது விழத் தொடங்கியதும் அதன் பிறகுதான் என்பதைக் கவனியுங்கள். விற்ற உரிமையாளர்களை வரலாறு திட்டியது. தாமாகப் போன வீரரையோ, அரங்கமே முகத்துக்கு நேராகத் திட்டியது.

கேள்வி: இரு அணியிலும் ஆடி, இரண்டிலுமே மறக்க முடியாத தருணத்தில் களத்தில் நின்றவர் யார்?

பதில்: தயக்கமின்றிச் சொல்வேன், மைக் டாரெஸ். 1977 வேர்ல்ட் சீரிஸில் யாங்கீஸுக்காக இரண்டு ஆட்டங்களை வென்று, இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தைத் தம் கையாலேயே பிடித்துப் பட்டத்தை உறுதிசெய்தவர் அவர். அடுத்த பருவம் ரெட் சாக்ஸில் சேர்ந்தார். இரு அணிகளும் 99 வெற்றிகளுடன் சமநிலையில் முடித்ததால், 1978 அக்டோபர் 2 அன்று ஃபென்வே பார்க்கில் ஒற்றை ஆட்டத்தில் முடிவு காண நேர்ந்தது. ஏழாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் 2-0 என முன்னணியில் இருக்க, டாரெஸ் பந்து வீசிக்கொண்டிருந்தார். ரன் எடுக்க ஓடும் வழியிலுள்ள நிறுத்தங்களான பேஸ்களில் யாங்கீஸ் வீரர் இருவர் நின்றனர். எதிரே நின்ற பக்கி டென்ட் அந்தப் பருவம் முழுவதிலும் நான்கே ஹோம் ரன் அடித்தவர். அவர் அடித்த பந்து அவர் காலிலேயே பட்டது. வலியில் நொண்டினார், சிகிச்சை நடந்தது, மட்டையும் மாறியது. அடுத்த பந்து இடப்புறத்து உயரமான பச்சைச் சுவரைத் தாண்டி வலையில் விழுந்தது. மூன்று ரன். யாங்கீஸ் இறுதியில் 5-4 என வென்றது. ஓராண்டு இடைவெளியில் ஒரே மனிதர் ஒரு நகரத்துக்கு வெற்றியையும் மற்றொன்றுக்கு ஆறாக் காயத்தையும் கொடுத்தார். ஆனால் பயனடைந்தது இரண்டு முறையும் யாங்கீஸ்தான்.

கேள்வி: ரெட் சாக்ஸிலிருந்து யாங்கீஸுக்குப் போன ஜானி டேமன் செய்தது துரோகமா, இல்லையா?

பதில்: துரோகம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. 2004-இல் யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்ற ரெட் சாக்ஸ், அடுத்த நான்கையும் வென்று வேர்ல்ட் சீரிஸுக்குப் போனது. அந்த ஏழாவது ஆட்டத்தில் நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் ஒன்றும் மற்றொரு ஹோம் ரன்னும் அடித்து, யாங்கீஸை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தியவர் நீண்ட முடியும் தாடியுமாக இருந்த டேமன். மறு ஆண்டு டிசம்பரில் அவருக்கு ரெட் சாக்ஸ் நான்கு ஆண்டுகளுக்கு 4 கோடி டாலர் தர முன்வந்தது. யாங்கீஸ் 5 கோடியே 20 லட்சம் தந்தது. தாடியையும் நீள முடியையும் யாங்கீஸ் அப்போது அனுமதிக்காததால் தாடியை மழித்து, முடியையும் வெட்டிக்கொண்டு போனார். 2006 மே 1 அன்று அவர் ஃபென்வேக்குத் திரும்பியபோது கூச்சலும் வசையும் எழுந்தன. அவரோ ஹெல்மெட்டைக் கழற்றி, அந்தக் கூட்டத்தை நோக்கி வணக்கம் தெரிவித்தார். 2009-இல் யாங்கீஸுடனும் பட்டம் வென்றார். அந்தத் தொடரின் நான்காவது ஆட்டத்தில், காவலின்றிக் கிடந்த மூன்றாம் பேஸைக் கண்டு, ஒரே ஓட்டத்தில் இரண்டாவதையும் மூன்றாவதையும் திருடினாரே, அதாவது பந்து அடிபடாமலேயே ஓடிப் பிடித்தாரே, அந்தக் கூர்மைக்குத்தான் இரு அணிகளும் பணம் கொடுத்தன. 86 ஆண்டுத் தவிப்பைத் தீர்க்கத் தோள் கொடுத்தவர் ரசிகர்களுக்குக் கடன்பட்டவர் அல்லர்.

கேள்வி: ரசிகர்களின் கோபம் எப்போதாவது தணிந்ததுண்டா?

பதில்: உண்டு. ரெட் சாக்ஸின் பழைய வீரர் வேட் பாக்ஸ் 1996-இல் யாங்கீஸுடன் பட்டம் வென்று, காவலரின் குதிரைமீதேறி யாங்கீ ஸ்டேடியத்தை வலம் வந்தவர். அவரது 26-ஆம் எண்ணை 2016-இல் ரெட் சாக்ஸ் வேறு யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்துச் சிறப்பித்தது.

கேள்வி: டாட்ஜர்ஸ், ஜயண்ட்ஸ் அணிகளுக்கிடையிலும் இப்படி மாறியவர்கள் உண்டா? டாட்ஜர்ஸ் வீரர் ஜாக்கி ராபின்சன் அப்படி மாற மறுத்தது உண்மையா?

பதில்: 1956 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அவரை ஜயண்ட்ஸுக்கு மாற்றியதும், அவர் போகாததும் உண்மை. ஆனால் பகை அணிக்கு ஆட மாட்டேன் என்று அவர் ஓய்வு பெற்றதாகச் சொல்வது பிற்காலக் கட்டுக்கதை. ஒரு காபி நிறுவனத்தில் பணியேற்க அவர் முன்பே முடிவு செய்திருந்தார். அதே ஆண்டில், ஜயண்ட்ஸின் பழைய பிட்சரும் டாட்ஜர்ஸின் அன்றைய ஊரான புரூக்ளினின் ரசிகர்கள் அடியோடு வெறுத்தவருமான சால் மேக்லி டாட்ஜர்ஸில் சேர்ந்து, செப்டம்பர் 25 அன்று எதிரணிக்கு ஒரு ஹிட்டும் (அடித்தவரைப் பேஸுக்குக் கொண்டுசேர்க்கும் அடி) கொடுக்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தார்.

இவர்களில் என் மனத்தில் தங்கியவர் ஹுவான் மாரிஷால். 1965 ஆகஸ்ட் 22 அன்று ஜயண்ட்ஸுக்காக ஆடியபோது, டாட்ஜர்ஸ் கேட்சர் (மட்டையாளர் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) ஜான் ரோஸ்பரோவின் தலையில் மட்டையால் அடித்தவர் அவர். பத்தாண்டுகள் கழித்து, 1975-இல், டாட்ஜர்ஸ் சட்டையிலேயே இரண்டு ஆட்டங்கள் ஆடி ஓய்வு பெற்றார். பேஸ்பாலின் சிறந்த வீரர்களைச் சிறப்பிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் அவரை ஏற்கத் தயங்கியபோது, அவருக்காகப் பேசியவர் ரோஸ்பரோதான். 2002-இல் ரோஸ்பரோ மறைந்தபோது, இறுதிச் சடங்கில் மாரிஷால் அஞ்சலி உரையாற்றினார்.