கொஞ்சம் லோக்கல்

அன்புள்ள ஐயா,

ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். தினமும் லண்டன் ஆட்களோடு கால். ஒன்று சரியில்லை என்றால் எனக்கு 'பேட்', 'நாட் குட்' தவிர வேறு வாயில் வராது. டீமில் மற்றவர்கள் 'நாட் மை கப் ஆஃப் டீ', 'நத்திங் டு ரைட் ஹோம் அபௌட்', 'நாட் அப் டு த மார்க்' என்று சரளமாகப் பேசுகிறார்கள். நான் சொன்னால் முரட்டுத்தனமாகத் தெரிகிறது. எங்கள் ஏரியா கொஞ்சம் லோக்கல், பேச்சும் அப்படியே வந்துவிட்டது. எந்த ஏரியா என்று கேட்டால் 'பீச் ஸ்டேஷன் பக்கம்' என்று சமாளிக்கிறேன். மட்டமாக நினைப்பதை நாகரிகமாகச் சொல்ல என்ன வழி?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

'தேர்ட் கிளாஸ்' என்று ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதைப் பற்றிச் சில நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால், இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொள்ள என்னிடம் ஏன் வந்தீர்கள் என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

முதலில் நீங்கள் கேட்டது. 'நாட் மை கப் ஆஃப் டீ' மரியாதையான பேச்சு. பொருளில் குறையில்லை, என் ருசி வேறு என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறது. பாட்டுக்கோ சாப்பாட்டுக்கோ சொல்லலாம். லாகின் பட்டன் வேலை செய்யாவிட்டால் சொல்ல முடியாது, அதில் உங்கள் ருசிக்கு என்ன வேலை? 'நத்திங் டு ரைட் ஹோம் அபௌட்' முதல் உலகப்போர்க் காலத்தில் பட்டாளத்துக்காரர்களிடம் புழங்கியது. ஊருக்குக் கடிதம் போட்டுச் சொல்கிற அளவுக்கு ஒன்றுமில்லை, சுமார், அவ்வளவுதான். 'ஐ டோன்ட் திங்க் மச் ஆஃப் இட்' என்றால் எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பில்லை என்று பொருள். அதற்கு ஒரு படி கீழே இறங்குவதாக நினைத்து 'திங்க் நத்திங் ஆஃப் இட்' என்று சொல்லிவிடாதீர்கள். யாராவது நன்றியோ மன்னிப்போ சொல்லும்போது, 'அட, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க' என்பதற்கு உரியது அது. 'நாட் அப் டு த மார்க்' நம் ஆபீஸ்களில் தேய்ந்துபோன ஒன்று. எந்த மார்க், யார் போட்டது என்று கேட்டால் சொன்னவருக்கே தெரியாது. விட்டுத்தள்ளுங்கள்.

சரி, எனக்குக் கோபம் வந்த வரிக்கு வருகிறேன். 'எங்கள் ஏரியா கொஞ்சம் லோக்கல்.' மட்டமாகச் சொல்ல இங்கிலீஷ் வரவில்லை என்கிறீர்கள். இதோ வந்திருக்கிறதே, அதுவும் சொந்தத் தெருவைப் பற்றி! உங்கள் லண்டன்காரர் 'த லோக்கல்' என்று சொன்னால் வீட்டுக்குப் பக்கத்தில் தான் வழக்கமாகப் போகும் பப்பைச் சொல்வார், ஆசையாகச் சொல்வார். நம் ஊரில்தான் அது வசவு. மயிலாப்பூர்க்காரருக்கு மயிலாப்பூர் லோக்கல் இல்லையா? பேசின் பிரிட்ஜைத் தாண்டி வடசென்னைக்குள் வந்தால் மட்டும் அது எப்படித் திட்டாக மாறுகிறது?

கோட்டைக்கு வடக்கே நம் ஆட்கள் குடியிருந்த இடத்துக்கு வெள்ளைக்காரன் 'பிளாக் டவுன்' என்றே பெயர் வைத்தான். மேப்பிலும் அப்படியே போட்டான். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. பெயர்தான் மாறியது. அந்தப் பார்வை இன்னும் வடக்கே நகர்ந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று குடியேறிவிட்டது. இப்போது அதைச் சொல்ல வெள்ளைக்காரன் வேண்டியதில்லை, நாமே சொல்லிக்கொள்கிறோம்.

'தேர்ட் கிளாஸ்' கதையும் இதே கதைதான். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பியது நம் ராயபுரத்திலிருந்து. ரயிலில் மூன்றாம் வகுப்பை 1974-லேயே எடுத்துவிட்டார்கள். பெட்டி போய் அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, வசவு மட்டும் டிக்கெட் இல்லாமல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் அப்பாவுக்கு பி அண்ட் சி, அதாவது பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் துணி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் ஆட்களை வைத்துத்தான் தொடங்கியது. இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் அது ஒன்று. பட்டாளத்துக்குக் காக்கி போனதும் அங்கிருந்துதான். நான் டிகிரி முடித்துவிட்டு மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். அதிகாரி விண்ணப்பத்தில் புளியந்தோப்பு என்று படித்துவிட்டு, 'ஓ... தட் சைட்' என்றார். அவ்வளவுதான். நீங்கள் கேட்கிற நாகரிகம் மொத்தமும் அதில் இருந்தது. கெட்ட வார்த்தை இல்லை, குரல் உயரவில்லை, முகத்தில் சிரிப்புகூட மாறவில்லை. மேற்கொண்டு கேள்வி எதுவும் கேட்காமல் டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "டீ நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த அதிகாரியின் 'தட் சைட்', உங்களுடைய 'பீச் ஸ்டேஷன் பக்கம்', இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள் தம்பி. புளியந்தோப்பு என்று உச்சரிக்க அவருக்கு வாய் கூசியது. தண்டையார்பேட்டை என்று சொல்ல உங்களுக்குக் கூசுகிறது. அவராவது வெளியாள்!

முரட்டுத்தனம் என்கிறீர்கள். காசிமேட்டில் காலையில் போய் நின்று பாருங்கள், உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. மீன் வாங்க வந்த அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெளுத்துப் போச்சு, ஐஸ்ல கெடந்த மீனு, வேணாம்" என்பார். விற்கிற அம்மா பதிலுக்குக் கத்துவார், விலை இறங்கும். பிடிக்கவில்லை என்பதும் ஏன் என்பதும் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. உங்கள் டீம்காரர்களின் அலங்காரப் பேச்சில் இல்லாதது அந்த 'ஏன்'தான். எந்த ஸ்க்ரீன், எதை அழுத்தினால், என்ன நடக்கிறது என்று உங்கள் 'நாட் குட்'டோடு சேர்த்துச் சொல்லுங்கள். டெஸ்டிங்காரரிடம் லண்டனில் வேறென்ன எதிர்பார்ப்பார்கள்? யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒன்று, இது உங்களுக்கு நிஜமாகவே பயன்படும். 'கொயட் குட்' என்று அமெரிக்கர் சொன்னால் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் சொன்னால் பெரும்பாலும் 'பரவாயில்லை' என்ற அளவுதான். உங்கள் ரிப்போர்ட்டை லண்டனில் யாராவது அப்படிச் சொன்னால், டீமுக்குப் பார்ட்டி வைப்பதற்கு முன்னால் என்ன குறை என்று ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.