மழைக்காலமும் பிள்ளைத் துணியும்: கேள்வி பதில்

ரங்கூனில் தாமுவே பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு நாப்கின் வெட்டித் தைத்துக் கொடுப்பது என் பிழைப்பில் பாதி. வாங்கிப் போன அம்மாக்களும் அவர்களை அனுப்பிவைத்த பாட்டிமாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் நாப்கின் வாங்கும்போது அது எவ்வளவு ஈரம் குடிக்கும் என்பதைவிட, எத்தனை சீக்கிரம் காயும் என்றுதான் பார்க்க வேண்டும். மே கடைசியில் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. கரண்டோ அது நினைத்த நேரத்துக்கு வரும், போகும்.

இன்சேனிலிருந்து: அக்கா, எனக்கு இது முதல் பிள்ளை. கடையில் பட்டன் வைத்த கலர் கலர் நாப்கின் இருக்கிறது. வெள்ளைத் துணியும் இருக்கிறது. எதை வாங்குவது, எத்தனை வாங்குவது?

அந்தக் கலர் நாப்கினுக்கு உள்ளே ஒரு பை இருக்கும், அதற்குள் ஒரு பட்டையைச் செருக வேண்டும். வெளித்துணியில் ஒரு பக்கம் பாலியூரித்தேன் பூசியிருப்பதால் ஈரம் வெளியே வராது. பார்க்க அழகு, மாட்டுவதும் சுலபம். ஆனால் பட்டை பெரும்பாலும் மைக்ரோபைபராக இருக்கும். அது சட்டென்று உறிஞ்சும், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்து அழுத்தினால் உறிஞ்சியதைக் கக்கிவிடும். அதை நேராகத் தோலில் படும்படியும் வைக்கக் கூடாது, தோலின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மூங்கில் நார், சணப்பு நார் பட்டைகள் நன்றாகத் தாங்கும், ஆனால் கனமாக இருப்பதால் ஆடி மாதத்தில் இரண்டு நாள் கொடியில் தொங்கவிட்டாலும் நடுவில் சில்லென்று இருக்கும்.

அதனால் நான் சொல்வது, ஒற்றை அடுக்குப் பருத்தித் துணி. ஒரு பக்கம் 27 அங்குலம் இருக்கிற சதுரம். மடித்துக் கட்டும்போது எட்டு அடுக்குக் கனம் வரும், துவைக்கும்போது பிரித்துப் போட்டால் ஒரே அடுக்கு. அழுக்கும் சுலபமாகப் போகும், சீக்கிரமும் காயும். மேலே போட நீர் புகாத உறை ஐந்தாறு இருந்தால் போதும். ஆய் படாத உறையைத் துடைத்து, காற்றாட விட்டு, மறுபடி போடலாம்.

எண்ணிக்கை கேட்டாய். பச்சைப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10, 12 முறை மாற்ற வேண்டி வரும். வெயில் காலத்தில் 24 துணி இருந்தால் சமாளிக்கலாம். மழையில் பிறக்கிற பிள்ளைக்கு 36 இல்லாமல் முடியாது. வளர வளர மாற்றுவது குறையும், ஆறு மாதத்துக்கு மேல் ஏழெட்டுக்கு வந்துவிடும்.

தாட்டோனிலிருந்து ஒரு மாமியார்: எங்கள் காலத்தில் பழைய கைலியைக் கிழித்துத்தானே கட்டினோம்? மருமகள் காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்கிறாள்.

மதனி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய கைலியில் கஞ்சி போயிருக்கும், நூல் இளகியிருக்கும், ஈரத்தை நன்றாகக் குடிக்கும். புதுப் பருத்தித் துணியில் இயற்கையான மெழுகு ஒட்டியிருப்பதால் நாலைந்து முறை சுடுதண்ணீரில் துவைத்த பிறகுதான் அது சரியாக உறிஞ்சும். புதுத் துணி வாங்கியவர்கள் "தண்ணீர் மேலேயே ஓடுகிறதே" என்று திருப்பிக் கொண்டுவருவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் உங்கள் காலத்துக் கைலி வேறு, இப்போது விற்கிற கைலி வேறு. நிறைய கைலிகளில் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பாக ஒரு மணி மாதிரி உருண்டு நிற்கும். உருகினால் அது பிள்ளைக்கு வேண்டாம், அடுப்படிக்குக் கொடுத்துவிடுங்கள். சாயம் போகிற கைலியும் வேண்டாம்.

ஒரு கைலியின் தையலைப் பிரித்தால் இரண்டு கெஜத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். நீளத்தை மூன்றாகக் கிழியுங்கள். ஒவ்வொரு துண்டையும் குறுக்கே இரண்டாக மடித்தால் ஏறத்தாழ சதுரமாக, இரண்டு அடுக்காக வரும். ஓரத்தை மட்டும் கட்டாயம் மடித்துத் தைத்துவிடுங்கள். பிரிந்த நூல் பிள்ளையின் கால் விரலிலோ, ஆண் பிள்ளை என்றால் குஞ்சிலோ சுற்றி இறுக்கிக்கொள்ளும். வீங்கிச் சிவந்த பிறகுதான் தெரியும். காரணமே இல்லாமல் பிள்ளை வீறிட்டு அழுதால், முதலில் துணியை அவிழ்த்து நூலோ தலைமுடியோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

மருமகள் காசு கொடுத்து வாங்க வேண்டியது உறை மட்டும்தான். அதைக் கைலியில் செய்ய முடியாது.

மோல்மீனிலிருந்து: எங்கள் ஊர் மழை உங்களுக்குத் தெரியும். மூன்று நாளாகத் துணி காயவில்லை. ஊசல் வாடை வருகிறது. என்ன செய்வது?

தெரியாமல் என்ன, ரங்கூன் மழை மோல்மீன் மழைக்கு முன் நிற்குமா! சரி. வாடைக்குக் காரணம் மழை இல்லை, துணி ஈரமாகவே கிடக்கிற நேரம். அந்த நேரத்தைக் குறைத்தால் வாடையும் குறையும்.

காலையில் முதல் வேலையாகத் துவைத்துவிடுங்கள், பகல் முழுக்கக் கையில் இருக்கும். பிழிந்த துணியை ஒரு காய்ந்த துண்டில் பாய் சுருட்டுகிற மாதிரி வைத்துச் சுருட்டி மேலே மிதியுங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். கொடியில் போடும்போது இரண்டாக மடித்துப் போடாமல், ஒரு ஓரத்தை மட்டும் கவ்வி முழுசாகத் தொங்க விடுங்கள். இரண்டு துணிக்கு நடுவே ஒரு சாண் இடம் வேண்டும். அறையின் ஒரு சன்னலாவது திறந்திருக்க வேண்டும், மூடிய அறையில் ஃபேன் போட்டால் ஈரக் காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். கரண்ட் இருக்கும்போது ஃபேன், இல்லாதபோது சன்னல் பக்கம்.

முக்கால்வாசி காய்ந்ததும் இஸ்திரி போடுங்கள். கரிப் பெட்டி வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறீர்கள், அதை வெளியே எடுங்கள். மிச்ச ஈரமும் போகும், கிருமியும் குறையும். கரிப்புகையை மட்டும் பிள்ளை படுத்திருக்கிற அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். நீர் புகாத உறைக்கு இஸ்திரியே கூடாது, பூச்சு உருகிப் போகும். அதை அடுப்புக்கு மேலே கட்டிய கொடியிலும் போடாதீர்கள்.

ஏற்கெனவே வாடை பிடித்த துணியைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்து, மறுபடி முதலிலிருந்து துவையுங்கள். பருத்தி தாங்கும்.

திங்கஞ்சூனிலிருந்து: துவைத்த துணிதான் கட்டுகிறேன். ஆனால் பிள்ளை உச்சா போனவுடனே மூக்கில் ஏறுகிற நெடி அடிக்கிறது.

இரவு முழுக்க மாற்றாத துணி விடியற்காலையில் நெடி அடித்தால் அது வழக்கம். சிறுநீரில் இருக்கிற யூரியாவைக் கிருமி அமோனியாவாக உடைக்கிறது, அந்த நெடிதான் அது. போனவுடனே அடித்தால் துணி உண்மையில் சுத்தமாகவில்லை, பழைய சிறுநீர் நூலுக்குள் தங்கியிருக்கிறது. பிள்ளைத் துணி என்று பயந்து பயந்து ஒரு சிட்டிகைப் பவுடர் போடுகிறவர்களுக்குத்தான் இது வரும். பெரியவர்களின் அழுக்குத் துணிக்குப் போடுகிற அளவு பவுடர் போடத்தான் வேண்டும், அப்புறம் நுரை வராமல் போகிற வரை அலச வேண்டும்.

நான் துவைக்கிற முறை இது. முதலில் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசிப் பிழிந்துவிடுவேன். எடுத்தவுடனே சுடுதண்ணீரில் போட்டால் ஆய்க் கறை துணியிலேயே பிடித்துக்கொள்ளும். அடுத்து பவுடரும் சுடுதண்ணீரும். கொதிக்கிற தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் 60 டிகிரி அளவுக்கு வரும், அது போதும். கையை விடாமல் கம்பால் கிளறி, அரை மணி ஊறவிட்டு, கை பொறுக்கிற சூடு வந்ததும் கசக்கித் துவைப்பேன். அலசுவது குறைந்தது மூன்று தண்ணீர்.

இப்படி ஒரு வாரம் செய்தும் நெடி போகாமல், பிள்ளைக்குக் காய்ச்சலும் இருந்தால் துணியை விட்டுவிட்டு டாக்டரிடம் போ. குற்றம் துணியில் இல்லாமல் இருக்கலாம்.

பெகுவிலிருந்து: துணி மெத்தென்று இருக்க வாசனைத் திரவம் ஊற்றலாமா? டெட்டால்?

இரண்டும் வேண்டாம். மெத்தென்று ஆக்குகிற திரவம் நூலின் மேல் ஒரு படலம் போட்டுவிடும், துணி தண்ணீர் குடிக்காது. டெட்டால் துணியில் தங்கினால் பிள்ளையின் தோல் எரியும். சுடுதண்ணீரும் வெயிலும் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. வினிகர் ஊற்றச் சொல்கிறார்களே என்று அடுத்து கேட்பீர்கள். அடிக்கடி ஊற்றினால் உறையின் எலாஸ்டிக் தளர்ந்துவிடும். பிளீச்சோடு சேர்த்தால் விஷப்புகை வரும். மூத்திரத் துணியை அலசாமல் நேராகப் பிளீச்சில் போட்டாலும் அதே மாதிரிதான், அமோனியாவும் பிளீச்சும் சேரவே கூடாது.

மீண்டும் இன்சேன்: குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் துவைக்கிறேன். வெள்ளைத் துணி எல்லாம் பழுப்பாகிறது. பிளீச் போட்டால் இன்னும் மோசம்!

தண்ணீரில் இரும்பு இருக்கிறது. இறைத்த உடனே தெளிவாகத் தெரியும், வாளியில் ஒரு ராத்திரி இருந்தால் அடியில் செம்மஞ்சளாகப் படியும். பிளீச் அந்த இரும்பைத் துருவாக மாற்றித் துணியிலேயே ஒட்டவைக்கிறது, அதனால்தான் மோசமாகிறது. தண்ணீரை முதல் நாளே பிடித்து வைத்து, மேலாக மொண்டு எடு. பழுப்பேறிய துணியில் எலுமிச்சைச் சாறு பிழிந்து உப்புத் தூவி வெயிலில் போட்டு, பிறகு நன்றாக அலசினால் நிறைய மங்கும். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைப் பிடித்துத் துவைப்பதுதான் நல்லது. அதைவிட மென்மையான தண்ணீர் கிடையாது, சோப்பு நன்றாக நுரைக்கும்.

பழுப்பு நிறம் பிள்ளையை ஒன்றும் செய்யாது. வருகிறவர்கள் பார்ப்பார்களே என்பதுதான் உன் கவலை என்றால், கலர்த் துணி வாங்கிக்கொள்.

டல்லாவிலிருந்து: கோடையில் எங்களுக்குக் குடிக்கவே தண்ணீர் இல்லை. துணி நாப்கின் எங்களுக்குச் சரிவருமா பெரியம்மா?

ஏப்ரல், மே மாதத்தில் குளம் வற்றி, குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊருக்கு மூன்று தண்ணீர் அலசு என்று எப்படிச் சொல்வேன்! அந்த இரண்டு மாதமும் பகலில் பிள்ளையைத் திறந்த உடம்போடு பாயில் விடு, அடியில் ஒரு துணி போதும். வெக்கைக்கும் அதுதான் நல்லது. துவைக்கும்போது கடைசி அலசல் தண்ணீரை ஊற்றாமல் வைத்து, மறுநாள் முதல் அலசலுக்கு எடுத்துக்கொள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையின் ஆய் தண்ணீரில் கரைந்து போய்விடும். சோறு ஊட்ட ஆரம்பித்த பிறகு கெட்டியாக வருவதைக் கக்கூஸில் தட்டிவிட்டுத் துவைத்தால் பாதித் தண்ணீர் மிச்சம். வெயிலுக்கு உங்கள் ஊரில் குறைச்சல் இல்லை, உச்சி வெயிலில் காயப்போடு. மஞ்சள் கறையை வெயிலே உறிஞ்சிவிடும். பீத்துணி அலசிய தண்ணீரைக் குளத்துப் பக்கம் மட்டும் ஊற்றாதே.

இதையும் மீறி முடியாத நாளில் கடை டயப்பர் போடு. அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை.

தாமுவேயிலேயே ஒரு தம்பி: அழுக்குத் துணியை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. மூடி இல்லாத கூடையில் காற்றாடப் போட்டு, ஒரு நாளுக்குள் துவைத்துவிடுங்கள். ஊறினால் நாற்றமும் கூடும், உறையும் கெடும். அதைவிடப் பெரிய விஷயம், தவழ்கிற பிள்ளை வாளிக்குள் தலைகீழாக விழுந்தால் ஒரு சாண் தண்ணீர் போதும். துவைக்க ஊறவைக்கிற அந்த அரை மணியும் வாளி உயரத்தில் இருக்கட்டும்.

மாந்தலேயிலிருந்து: தொடை இடுக்கில் சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி தனாக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசச் சொல்கிறார்.

தனாக்கா கன்னத்துக்கு நல்லது, புண்ணான இடத்துக்கு வேண்டாம். ஈரக் கல்லில் அரைப்பது, கல் எவ்வளவு சுத்தமோ யார் கண்டது. முகப் பவுடரும் வேண்டாம், பிள்ளை மூச்சில் இழுத்துவிடும்.

ஆய் போனவுடனே மாற்று, மற்றபடி இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை. வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, கொஞ்ச நேரம் காற்றில் விடு. துத்தநாக ஆக்ஸைடு கலந்த கிரீமை மெல்லப் பூசலாம். அது துணியில் பட்டால் உறிஞ்சும் தன்மை கெடும், அதனால் உள்ளே ஒரு சின்னப் பழந்துணி போட்டுக் கட்டு. மடிப்புக்குள் ரத்தச் சிவப்பாகி, சுற்றிலும் புள்ளி புள்ளியாக இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், இந்தக் கிரீமில் போகாது. அப்படி இருந்தாலும், மூன்று நாளில் குறையாவிட்டாலும் டாக்டரிடம் காட்டு.

தாட்டோன் மருமகள் தனியாக அனுப்பியது: அத்தை அரைஞாண் கயிற்றில் கோவணம் மாதிரி செருகச் சொல்கிறார். ஊக்கு குத்தாதா என்று எனக்கும் பயம்தான்.

செருகலாம், பகலில் வீட்டில் இருக்கும்போது அதைவிட லேசானது இல்லை. கயிற்றுக்குள் உன் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். பிள்ளை வாரத்துக்கு வாரம் பெருக்கும், கயிறு பெருக்காது. உறை போடும்போது ஊக்கே தேவையில்லை, மடித்து உள்ளே வைத்தால் உறையே பிடித்துக்கொள்ளும். தொப்புள் கொடி விழுகிற வரை துணியின் முன்பக்கத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடு. காலை நீட்டி இறுக்கிச் சுற்றச் சொன்னால் மட்டும் கேட்காதே, இடுப்பு மூட்டு சரியாக வளராமல் போகலாம். தவளை மாதிரி கால் விரிந்திருப்பதுதான் அதற்கு இயல்பு.

கடைசியாக ஒரு அம்மா: மோல்மீனுக்கு ரயிலில் போகிறோம். எத்தனை துணி கட்ட?

ரயிலில் மாற்றுவதற்கு என்று துணி ஒன்றும் வேண்டாம். ரயிலுக்குக் கடை டயப்பர், இறங்கியதும் துணி. பாட்டி வீட்டில் கொடி எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று போன் போட்டுக் கேட்டுக்கொள், முற்றத்தில் என்றால் பன்னிரண்டு துணி கூடுதலாக எடுத்துப் போ.