நிரலுக்குள்ளிருந்து வெளிக் கட்டளைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பைத்தானில் ஓஎஸ்.சிஸ்டம் மூலம் கோப்புகளை நகலெடுக்கிறேன். சில கோப்புகளை மட்டும் 'அப்படி எதுவும் இல்லை' என்கிறது. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது!

பதில்: அவற்றின் பெயரில் இடைவெளி இருக்குமே? நீங்கள் எழுதும் வரி நேராக நகலெடுக்கும் நிரலுக்குப் போவதில்லை. நடுவில், கட்டளை வரிகளைப் படித்து இயக்கும் ஷெல் உட்கார்ந்திருக்கிறது. இடைவெளி கண்ட இடத்தில் வெட்டுவது அதன் வழக்கம். 'மே கணக்கு' என்ற ஒரே கோப்பு அதற்கு 'மே', 'கணக்கு' என்ற இரண்டு கோப்புகள்.

மேற்கோள் குறி போட்டுச் சமாளிக்கலாம் என்பீர்கள். பெயருக்குள்ளேயே மேற்கோள் குறி இருந்தால்? வெளியார் பதிவேற்றிய கோப்பின் பெயரில் ஓர் அரைப்புள்ளியும் அதையடுத்து கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையும் இருந்தால், ஷெல் அதையும் தட்டாமல் செய்துவிடும்.

ஷெல் இல்லாமலே கட்டளையை ஓட்ட, பைத்தான் 3.5 முதல் சப்பிராசஸ்.ரன் இருக்கிறது. கட்டளைப் பெயர், மூலக் கோப்பு, இலக்கு மூன்றையும் பட்டியலின் தனித்தனி உறுப்புகளாகக் கொடுங்கள். லினக்ஸில் அவை வெட்டுப்படாமல் அப்படியே போய்ச் சேரும். ஷெல்=ட்ரூ என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்; வெளியே அனுப்பிய ஆளை வீட்டுக்குள் திரும்ப அழைத்த கதையாகிவிடும். ஒன்று: ஷெல் போனால் நட்சத்திரக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரித்துத் தரவும் ஆளில்லை. அதற்குப் பைத்தானின் குளோப் தொகுதி இருக்கிறது.

கேள்வி: சிறிய கோப்பு என்றால் வெளி நிரல் ஒழுங்காக முடிகிறது. பெரியது என்றால் பிழையும் இல்லை, முடிவும் இல்லை, அப்படியே நிற்கிறது.

பதில்: சப்பிராசஸின் பிஓபன் மூலம் தொடங்கி, வெளியீட்டைப் பைப்பில் (இரு நிரல்களை இணைக்கும் குழாயில்) வாங்கி, அது முடியும்வரை காத்திருக்கும் வெயிட்டை உடனே அழைத்திருப்பீர்கள். ஓர் இரவு முழுவதையும் நான் இதற்குத் தாரைவார்த்திருக்கிறேன். லினக்ஸில் பைப்பின் கொள்ளளவு வழக்கமாக 65,536 பைட்டுகள். அது நிரம்பியதும், யாராவது படித்து இடம் தரட்டும் என்று அந்த நிரல் காத்திருக்கும். அது முடியட்டும், பிறகு படிக்கலாம் என்று உங்கள் நிரல் காத்திருக்கும். வெயிட்டை எடுத்துவிட்டு கம்யூனிகேட் போடுங்கள். அது படித்துக்கொண்டே காத்திருக்கும்.

கேள்வி: கட்டளை தோற்றாலும் நிரல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறதே?

பதில்: சப்பிராசஸ்.ரன் அழைப்பில் செக்=ட்ரூ சேருங்கள். பூஜ்யம் அல்லாத முடிவு எண் வந்தால் அங்கேயே பிழை எழுப்பும். கோப்புக்குள் சொல் தேடும் கிரெப்பை மட்டும் கவனியுங்கள்: தேடியது கிடைக்காவிட்டாலே அது 1 தரும். அது தோல்வி அல்ல. உண்மையான பிழைக்கு 2.

கேள்வி: கையால் ஓட்டினால் ஓடும் ஷெல் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் தானே ஓட்டும் கிரானில் 127 என்று நின்றுவிடுகிறது.

பதில்: 127 என்றால் கட்டளை அகப்படவில்லை. கிரான் தேடும் பாதைகள் மிகச் சில. கட்டளையின் முழுப் பாதையை எழுதிவிடுங்கள்.