கீழ்க்காட்டுக்குத் தண்ணீர் விட்டால் மட்டும் மோட்டார் நிற்கிறது

கேள்வி: நீலகிரி கேத்தியில் கேரட் போட்டிருக்கிறோம். பள்ளத்து ஓடைக்கரையில் 5 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோனோபிளாக் பம்பு, மோட்டாரும் பம்பும் ஒரே உடம்பாக இருப்பது. மேல்காட்டுக்கு, ஏறக்குறைய 120 அடி உயரம், பல வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஏற்றியது. இந்த வருஷம் ஓடைக்கு 30 அடி மேலே ஒரு காட்டைக் குத்தகைக்கு எடுத்தோம். அங்கே தண்ணீர் விட்டால் 20 நிமிஷத்தில் ஓவர்லோடு ரிலே (கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் கருவி) தட்டிவிடுகிறது. மே மாத இடியில் டி.வி. போனதால் இதற்கும் அதுதான் காரணம் என்று சர்ஜ் புரொடெக்டர் மாட்டிக் கொடுத்தார்கள். அப்படியும் தட்டுகிறது. ரிலேவை 7.5 ஆம்பியரிலிருந்து 10-க்குத் திருப்பிவிடலாம் என்கிறான் மகன். செய்யலாமா அய்யா?

பதில்: வேண்டாம் அம்மா. மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கோத்தகிரியில் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தபோது, அறுவடை அவசரம் என்று கெஞ்சிய ஒருவருக்கு நானே அப்படித் திருப்பிக் கொடுத்தேன். பத்தாம் நாள் அந்த மோட்டார் காயில் கருகி என் மேசைக்கு வந்தது. கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மின்னலால் வோல்டேஜ் எகிறுவது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பத்து, மிஞ்சினால் சில நூறு கூறுகள்தான். அந்த எகிறலை எர்த்துக்குத் திருப்பிவிடுவதோடு சர்ஜ் புரொடெக்டரின் வேலை முடிந்தது. ரிலே பார்ப்பது சூட்டை. கூடுதல் கரண்ட் தொடர்ந்து போய், உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை சூடேறி வளைந்தால்தான் தட்டும். 20 நிமிஷம் கழித்துத் தட்டுகிறது என்றால், அந்த 20 நிமிஷமும் மோட்டார் அளவுக்கு மேல் இழுத்திருக்கிறது.

ஏன் இழுக்கிறது? நீங்கள் எழுதிய அந்த 30 அடிதான் எனக்குச் சந்தேகம். உயரம் குறைந்தால் சுமையும் குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மோனோபிளாக் பம்பில் அது தலைகீழ். 120 அடிக்கு ஏற்றுகிற பம்பை 30 அடியில் ஓட்டினால் தடையில்லாமல் தண்ணீர் கொட்டும். கொட்டுகிற தண்ணீர் கூடக் கூட, கரண்டும் கூடும். மேல்காட்டுக் குழாய் நடுவழியில் உடைந்தாலும் இதே கதைதான்.

எலக்ட்ரீஷியனை டாங் டெஸ்டரோடு, அதாவது ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் மீட்டரோடு, வரச் சொல்லுங்கள். முதலில் மேல்காட்டுக்கு ஓடும்போது மூன்று ஃபேஸையும் அளக்கட்டும், அப்புறம் கீழ்க்காட்டுக்கு. கீழே மூன்றும் ஒன்றுபோல 8.5, 9 என்று ஏறினால் நான் சொன்னதுதான். டெலிவரி குழாயில் ஒரு கேட் வால்வு போட்டு, மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்குக் கீழே இறங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். வால்வு நிற்கிற இடத்தில் பெயின்டால் கோடு போட்டுவிடுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் வால்வு வைத்து மூடவே கூடாது.

ஒரு ஃபேஸ் மட்டும் செத்து, மற்ற இரண்டும் எகிறினால் உடனே நிறுத்துங்கள். ஃபியூஸோ ஸ்டார்ட்டர் கான்டாக்ட்டோ போயிருக்கும். மேல்காட்டுக்கும் சேர்த்து மூன்றும் அதிகமாகக் காட்டினால் லோ வோல்டேஜ், பேரிங், கிளாண்ட் (தண்டில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் இடம்) இறுக்கம் என்று தேட வேண்டியதுதான்.

சர்ஜ் புரொடெக்டரைக் கழற்ற வேண்டாம். ஆனால் லோ வோல்டேஜையும், மணிக்கணக்கில் நிற்கும் ஹை வோல்டேஜையும், ஒரு ஃபேஸ் போவதையும் அது தடுக்காது. ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்த சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் தனியாக இருக்கிறது. நேரே விழுகிற இடிக்கும் சர்ஜ் புரொடெக்டர் தாங்காது. எர்த் சரியில்லை என்றால் அது இருந்தும் பயனில்லை. நம் மலையில் பாறை நிலம், எர்த் குழி சீக்கிரம் காய்ந்துவிடும், கோடையில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சர்ஜ் புரொடெக்டரின் கண்ணாடியில் பச்சை போய்ச் சிவப்பு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மேகம் கறுக்கும்போதே மெயினை அணைத்துவிடுங்கள். இடி கேட்ட பிறகு ஸ்டார்ட்டரைத் தேடி ஓடைக்கரைக்கு இறங்க வேண்டாம் அம்மா.