'நைஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே சொல்லலாம், எங்கே கூடாது?

"அகராதியில் 'நைஸ்' என்றால் நல்ல, இனிய என்று போட்டிருக்கிறது. வீட்டில் மாவை நைஸா அரைக்கச் சொல்கிறார்கள். எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் சரிதான். தமிழில் நாம் பேசும் நைஸ் வேறு, ஆங்கிலத்தில் உள்ள நைஸ் வேறு என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். நான் இருப்பது சேலத்தில். ஜவ்வரிசி, மரவள்ளிக்கிழங்கு மாவு வியாபாரிகளுக்கு ஆங்கிலக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலை. அதனால் இந்தச் சொல்லோடு எனக்குப் பழக்கம் அதிகம்.

முதலில் நம்ம நைஸ். தட்டுவடை செட்டுக்குச் சட்னி நைஸா இருக்க வேண்டும். ஏற்காட்டுக் காபிக்கொட்டையை ரொம்ப நைஸா அரைத்துவிட்டால் ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்காது. புடவையைத் தடவிப் பார்த்து "துணி நல்லா நைஸா இருக்கு" என்போம். இங்கெல்லாம் கரகரப்பு இல்லாத, மழமழப்பான என்று பொருள். அங்கிருந்து ஆட்களின் நடத்தைக்கும் தாவிவிட்டது. "வேலை நடுவுல நைஸா நழுவிட்டான்" என்றால் சத்தமே காட்டாமல் போனான். "மேனேஜரை நைஸ் பண்ணி லீவு வாங்கிட்டா" என்றால் இதமாகப் பேசிக் காரியத்தை முடித்தாள். மாவிலும் சரி, மனுஷரிலும் சரி, சொரசொரப்பு இல்லை என்ற ஒரே எண்ணம்தான் ஓடுகிறது. இதைத் தப்பான ஆங்கிலம் என்று திருத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நைந்த துணி, நைய இடிப்பது என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு 'நை' இருக்கிறது. அதன் பக்கத்தில் இந்தச் சொல் பாந்தமாக உட்கார்ந்துகொண்டது. தமிழ் பேசும்போது தாராளமாகச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் கவனம் தேவை. "தி ஸ்டார்ச் இஸ் வெரி நைஸ்" என்று வெளிநாட்டுக்காரருக்கு எழுதினால், சரக்கு நன்றாக இருக்கிறதாம் என்று மட்டும் எடுத்துக்கொள்வார். மாவு எவ்வளவு சன்னம் என்ற தகவல் அவருக்குப் போய்ச் சேராது. அங்கே எழுத வேண்டியது 'ஃபைன்'. அதோடு சல்லடைக் கணக்கையும் சேர்த்துவிட்டால் பேச்சுக்கே இடமில்லை: 100 மெஷ் சல்லடை (ஓர் அங்குல நீளத்துக்கு 100 கண்) என்றால் அதன் ஒரு கண் சுமார் 150 மைக்ரான், அதாவது 0.15 மில்லிமீட்டர். சட்னிக்கு 'ஸ்மூத்', துணிக்கு 'சாஃப்ட்'. நழுவிப் போனவனுக்கு 'கொயட்லி' பொருந்தும்.

ஆங்கிலத்திலும் இந்தச் சொல் ஒரே பொருளில் நின்றதில்லை. மூலம் லத்தீன் 'நெஸ்கியுஸ்'. அறியாதவன் என்று அர்த்தம். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஒருவரை நைஸ் என்றால் அவர் முட்டாள்! அப்புறம் எதிலும் குறை பார்க்கிற, நுணுக்கமான என்றெல்லாம் மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் இனிமையான என்ற பொருளுக்கு வந்தது. பழைய நுணுக்கம் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று சட்டம், தத்துவம் சார்ந்த கட்டுரைகளில் பார்த்தால் நுட்பமான வேறுபாடு என்று படியுங்கள். நல்ல வேறுபாடு என்று படித்தால் அந்த வரியே புரியாது.

இன்றைய பேச்சில் நைஸ் ஒரு மிதமான பாராட்டு. ஏற்காட்டு மலையில் 'லேடீஸ் சீட்' என்ற காட்சி முனையில் நின்று, கீழே சேலத்தில் விளக்கு எரிவதைப் பார்த்து "நைஸ் வியூ" என்று நண்பரிடம் சொல்லலாம், தப்பே இல்லை. அதையே கட்டுரையில் எழுதினால் படிப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. விளக்குகளை எழுதுங்கள், மலைப்பாதை வளைவுகளை எழுதுங்கள். ஒருவர் பெரிய சாதனை செய்திருக்கும்போது வெறும் நைஸ் என்றால் அவருக்குச் சப்பென்று ஆகிவிடும். 'எக்ஸலன்ட்' என்று மனதாரச் சொல்லலாம்.

ஆளைப் பற்றிச் சொன்னால் அன்பாக நடந்துகொண்டார் என்று பொருள்: "ஷீ வாஸ் நைஸ் டு மீ". வந்ததற்கு நன்றி சொல்ல "இட் வாஸ் நைஸ் ஆஃப் யூ டு கம்". இங்கே பலர் 'ஃபார் யூ' போட்டுவிடுகிறார்கள். ஒருவருடைய நல்ல குணத்தைச் சொல்லும்போது 'ஆஃப்' தான். "நைஸ் அண்ட் ஹாட்" என்றால் காபி இதமான சூட்டில் இருக்கிறது.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதல்முறை பார்த்துக் கை குலுக்கும்போது "நைஸ் டு மீட் யூ". பேசி முடித்துக் கிளம்பும்போது "நைஸ் மீட்டிங் யூ". ஏற்கெனவே அறிமுகமானவர் என்றால் 'மீட்' வேண்டாம், "நைஸ் டு சீ யூ" என்று சொல்லுங்கள்.