எலும்பை சேர்க்கத்தான் தெரியுமே, அப்புறம் எதுக்கு இன்னும் ஒரு வருஷம்?

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ட்ராமா ஃபெல்லோஷிப் (எலும்பு டாக்டர் ஆனதுக்கு அப்புறம், ஆக்சிடென்ட் எலும்பு முறிவுக்குன்னு தனியா எடுக்குற ட்ரெயினிங்) பத்தியே இருந்துச்சு, அதனால மூட்டு வலி கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், ஆர்த்தோ முடிச்சு ரெண்டு வருஷமா ஜூனியர் கன்சல்டன்டா இருக்கேன். டிபியா நெயில், ஃபீமர் நெயில் (முழங்காலுக்குக் கீழயும் தொடையிலயும் எலும்புக்குள்ள விடுற கம்பி), டிஎச்எஸ் (இடுப்புப் பக்க முறிவுக்குப் போடுற ஸ்க்ரூவும் பிளேட்டும்) எல்லாம் தனியாவே போடுறேன், ரிசல்ட்டும் நல்லா வருது. இப்போ போய் ஃபெல்லோஷிப்னு ஒரு வருஷம் மறுபடியும் ஒருத்தர் பக்கத்துல ரிட்ராக்டர் புடிச்சுக்கிட்டு நிக்கணுமா?

பதில்: நெயில் போடுறதுக்காகன்னா போகவே வேணாம் தம்பி. ஆக்சிடென்ட்ல வர்ற கேஸ்ல பெரும்பாலானதுக்கு நீங்க ரெசிடென்சில கத்துக்கிட்டதே போதும். ஆனா மிச்சம் கொஞ்சம் இருக்கு பாருங்க, அசெட்டாபுலம் (இடுப்பு மூட்டுக் கிண்ணம்), பெல்விஸ் (இடுப்பு எலும்பு வளையம்), பைலான் (கணுக்கால் மூட்டு வரைக்கும் உடையுற டிபியா அடிப்பகுதி), ஷாட்ஸ்கர் 5, 6 டைப் முட்டி (முட்டி முறிவுலயே மோசமான வகை), தோலும் சதையும் பிஞ்சு வர்ற ஓபன் ஃபிராக்சர், வேற எங்கயோ பிளேட் வச்சு சீழ் புடிச்சு சேராம நம்மகிட்ட வர்ற நான்யூனியன், ஃபெல்லோஷிப்பே இதுக்காகத்தான்.

அசெட்டாபுலத்தையே எடுத்துக்கோங்க. ஜூடே, லெடூர்னெல்னு ரெண்டு பிரெஞ்சு சர்ஜன்கள் 1964ல அதை 10 வகையா பிரிச்சு எழுதினாங்க, 5 எளிய வகை, 5 கலப்பு வகை, பரீட்சைக்கு ஒரே ராத்திரில மனப்பாடம் பண்ணிடலாம். ஆனா ஜூடே வியூன்னு சாய்ச்சு எடுக்குற எக்ஸ்ரேல எந்தக் கோடு விட்டுப் போயிருக்குன்னு பாத்து, மனசுக்குள்ளயே அந்த எலும்பைத் திருப்பி, முன்பக்கமா போறதா பின்பக்கமா போறதான்னு முடிவு பண்றது இருக்கே, அதுக்கு பக்கத்துல தெரிஞ்சவர் ஒருத்தர் நிக்கணும். இந்த சர்ஜரில பெரிய பேரான அமெரிக்க சர்ஜன் ஜோயல் மாட்டாவே பாரிஸ்ல லெடூர்னெல்கிட்ட போய் நின்னு கத்துக்கிட்டவர்தான். அவர் கணக்குப்படி சர்ஜரிக்கு அப்புறம் மூட்டுல 1 மில்லிமீட்டர் வரைக்கும் விலகல் இருந்தா அனடாமிக், 2லேர்ந்து 3 வரைக்கும் சுமார், 3க்கு மேல போனா மோசம். இந்த மாதிரி கேஸ் சாதாரண ஆஸ்பத்திரில எப்பவாவது ஒண்ணு வரும், அடுத்தது வர்றதுக்குள்ள போன தடவை எங்க தடுமாறினோம்னு கைக்கு மறந்து போயிடும். பெரிய ட்ராமா சென்டர்ல ஒண்ணு முடிஞ்ச கையோட அடுத்தது வந்துடும்.

என் கதை ஒண்ணு சொல்றேன். நான் ஃபெல்லோவா சேர்ந்த புதுசுல ஒரு பைலான் கேஸ், சிடி பாத்து, எந்தத் துண்டை முதல்ல புடிக்கணும், எங்க பிளேட்னு பேப்பர்ல படமெல்லாம் வரைஞ்சு ராத்திரி பூரா தூங்காம ரெடியாயிட்டேன். காலைல எங்க சீஃப் வந்தாரு, என் படத்தைப் பாக்கவே இல்ல, கணுக்கால் தோலை விரலால தொட்டுப் பாத்தாரு, சுருக்கமே விழல, பளபளன்னு வீங்கி இருக்கு. ‘எக்ஸ்டர்னல் ஃபிக்சேட்டர் போட்டு மேல தூக்கி வை’ன்னு (வெளில கம்பிச் சட்டம் மாட்டி எலும்பை அசையாம வைக்கிறது) சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. எனக்கு செம கடுப்பு. கிட்டத்தட்ட ரெண்டு வாரம் கழிச்சு தோல் சுருங்கினதுக்கு அப்புறம்தான் திறந்தோம், காயம் அழகா ஆறுச்சு. அன்னைக்கே திறந்திருந்தா தையல் மூடியே இருக்காது, கால் என்ன ஆகியிருக்குமோ! அந்த வருஷத்துல நான் போட்ட பிளேட்டெல்லாம் மறந்து போச்சு, போடாம நிறுத்தினது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

கேள்வி: டாக்டர், சில வாரம் மட்டும் இருக்குற ஃபெல்லோஷிப்புக்கும் ஒரு வருஷ ஃபெல்லோஷிப்புக்கும் என்ன வித்தியாசம்? எதை வச்சு இடம் செலக்ட் பண்றது?

பதில்: சில வாரத்து ஃபெல்லோஷிப்ல பெரும்பாலும் பாக்க மட்டும்தான் விடுவாங்க, லைசென்ஸ் இல்லாம அந்த ஊர் பேஷன்ட் மேல கை வைக்க முடியாதுல்ல. அதுக்காக வேஸ்ட்னு சொல்ல மாட்டேன். 1958ல சுவிட்சர்லாந்துல 13 சர்ஜன்கள் சேர்ந்து ஏஓன்னு எலும்பு முறிவு சர்ஜரிக்கான ஒரு குழு ஆரம்பிச்சாங்க, 1960லயே டாவோஸ்ல கோர்ஸ் வச்சு நிஜ சர்ஜன்களையே மாணவங்க மாதிரி உக்கார வச்சு எலும்புல டிரில் போட்டுப் பழக வச்சாங்க, அந்த வழில வந்ததுதான் ஏஓ ஃபெல்லோஷிப்பும். நல்ல கண்ணு இருக்குறவன் ஆறு வாரத்துலயே நிறைய அள்ளிட்டு வந்துடுவான். ஆனா கை பழகணும்னா வருஷக்கணக்குதான், அமெரிக்காவுல 5 வருஷ ரெசிடென்சிக்கு அப்புறம் ட்ராமாவுக்குன்னு தனியா ஒரு வருஷம் வச்சிருக்காங்க.

இடம் தேடும்போது வெப்சைட்ல போட்டிருக்குற கேஸ் எண்ணிக்கையைப் பாத்து மயங்காதீங்க. போன வருஷம் அங்க இருந்த ஃபெல்லோவுக்கு போன் போடுங்க, அவன் லாக்புக்ல எத்தனை கேஸ் கன்சல்டன்ட் கையைக் கட்டிக்கிட்டு நிக்க இவனே பண்ணினதுன்னு கேளுங்க, பதில் சொல்றதுக்கு முன்னாடி அவன் கொஞ்சம் இழுத்தான்னா அந்த இடம் வேணாம். பிளாஸ்டிக் சர்ஜன் அதே பில்டிங்ல இருக்காரான்னு பாருங்க, இது ரொம்ப முக்கியம், ஓபன் ஃபிராக்சரை 72 மணி நேரத்துக்குள்ள ஃபிளாப் (வேற இடத்துலேர்ந்து எடுத்து வைக்கிற தோலும் சதையும்) போட்டு மூடினா நல்லதுன்னு கோடினாங்கிற சர்ஜன் 1986லயே எழுதியாச்சு, ரெஃபர் பண்ணி லெட்டர் அடிச்சு ஆம்புலன்ஸ் புடிக்கிறதுக்குள்ள அந்த நேரம் ஓடிடும். அப்புறம் காலைல மீட்டிங் உண்டா, நேத்து போட்ட பிளேட்டோட எக்ஸ்ரேவை எல்லார் முன்னாடியும் பெரிய ஸ்க்ரீன்ல போட்டுக் கிழிப்பாங்களான்னும் கேளுங்க. கிழிக்கணும். சீஃப் போட்டதையும் சேர்த்து.

சர்டிஃபிகேட்ல எந்த சீல் இருக்குங்கிறதைக் கடைசியா பாத்துக்கலாம்.

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு ஆக்சிடென்ட்ல இடுப்பு மூட்டுக் கிண்ணம் உடைஞ்சிருக்கு. இங்க இருக்குற எலும்பு டாக்டரே, ‘நான் பண்ண மாட்டேன், இதுக்குன்னு தனியா ட்ரெயினிங் எடுத்தவர் மூணு நாள்ல வருவாரு’ங்கிறார். தெரியாதவர்கிட்ட மாட்டிக்கிட்டோமோன்னு பயமா இருக்கு.

பதில்: பயப்படாதீங்கம்மா, தனக்கு எது வராதுன்னு தெரிஞ்ச டாக்டர் கிடைச்சிருக்காரு. கிண்ணத்துலேர்ந்து பந்து நழுவி வெளில வந்திருந்தா மட்டும் அதை உடனே உள்ள தள்ளியாகணும், அதுக்கு காத்திருக்கக் கூடாது, பண்ணியாச்சான்னு இன்னைக்கே கேட்டுடுங்க. மத்தபடி மூணு நாள் ஒண்ணும் லேட் இல்ல, உடம்பு ஸ்டெடியாகி, ரத்தக்கசிவு அடங்கி, சிடி எடுத்து பிளான் பண்ண அந்த நேரம் தேவைதான். ரெண்டு மூணு வாரம் தாண்டினாதான் வம்பு, துண்டுகள் தப்பான இடத்துலயே ஒட்ட ஆரம்பிச்சுடும், பிரிச்சு எடுக்குறது பெரிய பாடு. அதுவரைக்கும் ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்குறாங்களான்னும் விசாரிச்சுக்கோங்க.

கேள்வி: மேடம்னு போடலாமா சார்னு போடலாமான்னு தெரியல, மன்னிச்சுக்கோங்க! நான் ஆர்த்தோ ஃபைனல் இயர், பொண்ணு. ட்ராமாவுக்கு உடம்புல பலம் வேணும், உனக்கு ஹேண்ட் சர்ஜரிதான் சரின்னு சொல்றாங்க. நிஜமா?

பதில்: சார்தான்மா. இழுக்குறதுக்கு டிராக்ஷன் டேபிள் இருக்கு, டிஸ்ட்ராக்டர் இருக்கு, துண்டைப் புடிச்சுத் திருப்ப ஷான்ஸ் பின் இருக்கு. முரட்டுத்தனமா இழுக்குறவன் ரிடக்ஷனை (துண்டுகளை இடத்துல சேர்க்கிறதை) நான் நிறைய பாத்திருக்கேன், அவன் இழுக்கிறதே தப்பான திசைலதான் இருக்கும். நீங்க கவனிக்க வேண்டியது சி ஆர்ம், அதாவது ஆபரேஷன் நடக்கும்போதே படம் காட்டுற எக்ஸ்ரே மெஷின். எக்ஸ்ரே கிளம்புற டியூப் கீழ இருக்குற மாதிரி வைக்கச் சொல்லுங்க, தைராய்டு ஷீல்டை ஒரு நாளும் விடாதீங்க, ஷூட் பண்றப்போ பின்னாடி நகருங்க, தூரம் ரெண்டு மடங்கானா டோஸ் கால்வாசியா குறையும். உங்க அளவுக்கு லெட் ஏப்ரன் (எக்ஸ்ரேவைத் தடுக்குற ஈய அங்கி) இருக்கான்னு சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க, பெரிய சைஸ் கைக்குழில வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும், மார்புப் பக்கம் மறையவே மறையாது. இல்லன்னு சொன்னா வாங்கித் தரச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.