பழைய தாங்கியில் பெட்ரோல் எஞ்சின் வேண்டாம், தம்பி

கேள்வி: ஐயா, நான் செபராங் ஜெயாவில் இருக்கிறேன். 120 அளவு குளோ எஞ்சின் (மெத்தனால் எரிபொருளில் ஓடுவது) போட்ட, ரிமோட்டில் பறக்கும் பால்சா மர மாதிரி விமானம் ஒன்று என்னிடம் உண்டு. அதைக் கழற்றிவிட்டு 20 சிசி பெட்ரோல் எஞ்சின் பொருத்த ஆசை. "இரண்டும் ஒரே அளவுதான், எஞ்சினைப் பிடிக்கும் பழைய பிளாஸ்டிக் தாங்கியே போதும், 350 வெள்ளி கொடுங்கள், பறக்கும் உரிமத்தையும் சேர்த்து எடுத்துத் தருகிறேன்" என்கிறார் ஒருவர். எனக்கோ எஞ்சின் மாட்டியிருக்கும் முன்பலகை பிய்ந்துவிடுமோ என்று பயம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அந்த 350 வெள்ளியைக் கொடுக்காதீர்கள்.

"ஒரே அளவு" என்பதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். 120 என்றால் 1.20 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 20 சிசி. கொள்ளளவு ஒன்றுதான், பிடிப்பு வேறு. குளோ எஞ்சினுக்குப் பக்கவாட்டில் இரண்டு காது இருக்கும், அது பிளாஸ்டிக் தாங்கியின் இரண்டு கைகள் மேல் உட்காரும். 20 சிசி பெட்ரோல் எஞ்சின்கள் பலவும் பின்பக்கம் நான்கு அலுமினியக் குட்டித் தூண்கள் வழியாக நேராக முன்பலகையைப் பிடிக்கும். காது இல்லாததை அந்தத் தாங்கியில் உட்காரவைக்க நடுவில் ஏதாவது தகடு வெட்டிப் போட வேண்டும். அவர் செய்யப்போவது அதுதான். பெட்ரோல் எஞ்சினின் உதறல், முக்கியமாக மெதுவாக ஓடும்போது மூக்கே ஆடும் அந்த உதறல், தகட்டையும் பிளாஸ்டிக்கையும் நாளடைவில் தின்றுவிடும்.

வயலுக்கு மேலே ஒரு விமானத்தின் எஞ்சின் பலகையோடு கழன்று பறந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூக்கின் எடை போனதும் வால் கீழே தொங்கி விமானம் புரண்டுகொண்டே வந்து விழுந்தது. ரிமோட்டில் எதை அசைத்தாலும் அது கேட்கவில்லை. கீழே ஆள் இல்லாதது அன்றைய அதிர்ஷ்டம்.

அதனால் முதல் வேலை முன்பலகையைச் சோதிப்பது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் அது இலேசான மென்பிளைவுட், பெட்ரோல் எஞ்சினுக்கு ஆகாது. உங்களுக்கு வேண்டியது பர்ச் மரப் பிளைவுட், குறைந்தது 6 மி.மீ. இருப்பது 3 அல்லது 4 மி.மீ. என்றால் அதன்மேல் 3 மி.மீ. பர்ச் பலகை ஒன்றை மெதுவாக இறுகும் எபோக்சியால் ஒட்டுங்கள். ஐந்து நிமிட எபோக்சி இந்த இடத்துக்கு வேண்டாம். உள்மூலைகளில் முக்கோணக் கட்டைகள். வெளிப்பக்கத்திலிருந்து, உடலின் பக்கப்பலகை வழியாக முன்பலகையின் விளிம்புக்குள் இறங்கும்படி 3 மி.மீ. மூங்கில் குச்சிகளை எபோக்சி தடவி அடியுங்கள். சத்தே குச்சி போதும். கடைசியாகப் பலகை முழுக்க மெல்லிய எபோக்சிப் பூச்சு. இல்லாவிட்டால் எண்ணெய் ஊறி, மரம் பசைப் பிடிப்பை விட்டுவிடும்.

துளை போடக் காகித அச்சை நம்பாதீர்கள். ஜெராக்ஸ் எடுத்தாலே அளவு சற்று மாறிவிடுகிறது. எஞ்சினையே வைத்துக் குறியுங்கள். பின்னால் பிளைண்ட் நட் (மரத்தில் பல் பதிந்து நிற்கும் நட்), முன்னால் அகலமான வாஷர், திருகு தளராமல் இருக்க அதில் நீல நிறத் திருகுப் பசை. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். பசை போடுமுன் திருகிலுள்ள எண்ணெயை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

இப்போது பலரும் கோட்டை விடும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். புரொப்பெல்லர் சுழலும்போது விமானம் இடப்பக்கம் இழுக்கும். அதற்காக எஞ்சினை விமானியின் வலப்பக்கம் சுமார் 2 பாகை திருப்பி வைப்பார்கள். வாஷர் போட்டுத் திருப்பு என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் சில விமானங்களில் முன்பலகையையே சாய்த்து ஒட்டியிருப்பார்கள். அதில் வாஷரும் போட்டால் சாய்வு இரட்டிப்பாகும். வேறு சிலவற்றில் பலகை நேராக இருக்கும், சாய்வு பழைய தாங்கியில் இருக்கும். தாங்கியைக் கழற்றினால் சாய்வும் கூடவே போய்விடும். உங்களுடையது எது? நூல் பிடித்துப் பாருங்கள். பலகையின் இட விளிம்பிலிருந்து வால் நடுவரை ஓர் அளவு, வல விளிம்பிலிருந்து ஓர் அளவு. பலகை 110 மி.மீ. அகலம் என்றால், வலப்பக்கம் 4 மி.மீ. அளவுக்குக் குறைந்தால் சாய்வு பலகையிலேயே இருக்கிறது, வாஷர் வேண்டாம். இரண்டும் சமம் என்றால் வாஷர் வேண்டும். எப்படியானாலும் எஞ்சினை நடுக்கோட்டில் வைக்கக் கூடாது. பலகைக்கும் புரொப்பெல்லருக்கும் 150 மி.மீ. தூரம் என்றால், 2 பாகைக்கு 5 மி.மீ. இடப்பக்கம் தள்ளி வையுங்கள். அப்போதுதான் புரொப்பெல்லரின் நடு, மூக்கு மூடியின் நடுவில் வரும்.

பின்பக்கக் கார்புரேட்டர் என்றால் அது மூச்சுவிடப் பலகைக்கு முன்னால் இடம் வேண்டும். இக்னிஷன் பெட்டி ரிசீவரிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். த்ராட்டில் கம்பியை நைலானில் போடுங்கள், உலோகம் ரேடியோவுக்கு இடைஞ்சல் தரும்.

குழாயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குளோவுக்குப் போட்ட சிலிக்கான் குழாய் பெட்ரோலில் ஊதி வழுக்கிக் கழன்றுவிடும். டாங்கின் ரப்பர் மூடியும் அப்படித்தான், இரண்டையும் மாற்றுங்கள். மஞ்சள் நிற டைகான் வகைக் குழாய் கேளுங்கள். ஓர் அடி குழாய்க்கு இந்த நாட்டில் கடை கடையாக அலைய வேண்டியிருக்கிறது. கேட்டால் "இதுவும் பெட்ரோலுக்கு ஆகும்" என்று சிலிக்கானையே நீட்டுகிறார்கள். நம்பாதீர்கள். ஒரு துண்டு வெட்டிப் பெட்ரோலில் ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் தடித்திருந்தால் அது எதற்கு ஆகும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது உரிமம். எஞ்சின் பொருத்துகிறவர் விற்கக்கூடிய சரக்கல்ல அது. மலேசியப் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளில் 400 அடிக்கு மேல் பறப்பதற்கும், விமான நிலையப் போக்குவரத்து எல்லைக்குள் பறப்பதற்கும் அனுமதி வேண்டும். நீங்கள் இருப்பதோ பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில். எங்கே பறக்கலாம் என்பதை ஆணையத்திடம் நீங்களே கேளுங்கள், உங்கள் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். நடுவில் ஆள் வைத்தால் காகிதம் அவர் பையில் இருக்கும், பொறுப்பு உங்கள் தலையில் இருக்கும். பொழுதுபோக்குக்காரன் ஒருவன் தனக்கு என்ன தேவை என்று தெரிந்துகொள்ளவே இத்தனை படியேற வேண்டியிருப்பதால்தான் இந்த இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். எனக்கு அதுதான் எரிச்சல்.

எல்லாம் பொருத்தியதும் வாலை ஒருவர் பிடித்துக்கொள்ள, தரையிலேயே ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தி, ஆறியதும் நான்கு திருகையும் சாவியால் தொட்டுப் பாருங்கள். ஒன்று அசைந்தாலும் பசையைச் சுத்தம் செய்து மறுபடி போடுங்கள். முதல் பறப்புக்குப் பிறகும், அதற்கடுத்த இரண்டு பறப்புகளுக்குப் பிறகும் இதே சோதனை.